மற்றவர்களுக்கு அனுமதி இல்லை

கட்டளையை அடித்து முடித்த பிறகும் பிராங்க்ளினின் விரல் என்டரைத் தொடவில்லை.

chmod -R go-rwx /home/lab/reports

டாக்டரைத் தவிர வேறு யாரும் ரிப்போர்ட்டுகளைத் திறக்க முடியாதபடி பூட்டும் கட்டளை. அதில் முதல் சாய்கோட்டுக்குப் பின்னால் ஓர் இடைவெளி தவறி விழுந்திருந்தால் போதும். ரிப்போர்ட் ஃபோல்டரோடு நிற்காது. மொத்தக் கணினியும் எல்லோருக்கும் மூடிக்கொள்ளும். ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டியின் கணினியை அவன் அப்படித்தான் முடக்கியிருந்தான்.

எழுத்தெழுத்தாகப் படித்தான். மறுபடியும் படித்தான்.

"என்ன மச்சான், பைபிள் வாசிக்கிற மாதிரி வாசிக்கிறீங்க? சட்டைக் கையையாச்சும் மடிச்சு விடுங்க, வேர்த்து ஊத்துது!"

வாசலில் நின்று ஷைனி சிரித்தாள். அவன் மனைவியின் தங்கை. இந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பு வேலை அவளுக்கு. கணினியைப் பார்த்துக்கொள்ள அவனைச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

அவன் சட்டைக் கையை மடிக்கவில்லை.

போன மாதம் நத்தத்துக்காரர் ஒருவரின் எச்.ஐ.வி. முடிவு, அவர் வந்து வாங்கும் முன்பே அவர் தெருவுக்குப் போய்விட்டது. இங்கே யார் வேண்டுமானாலும் யாருடைய ரிப்போர்ட்டையும் திறக்கலாம் என்றிருந்தது. வாய் விட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

அந்த மனிதர் ரிப்போர்ட் வாங்க வரவே இல்லை.

"முடிஞ்சதா? காலைல எடுத்த டெஸ்ட் ரிசல்ட்டை எல்லாம் இதுல ஏத்தணும்." டாக்டர் மலர்விழி கையில் தாள்களோடு பின்னால் நின்றிருந்தார்.

"செத்த நேரம் மேடம்."

கோப்புகளை டாக்டர் பெயருக்கு மாற்றியாயிற்று. வெற்று ஃபோல்டர் ஒன்றில் இதே கட்டளையைச் சோதித்தாயிற்று. இனித் தள்ளிப்போட ஒன்றுமில்லை.

அழுத்தினான்.

திரை எதுவும் சொல்லவில்லை. சரியாக நடந்தால் அது ஒன்றும் சொல்லாது.

ஷைனியை அவள் கணினியிலிருந்து ஒரு ரிப்போர்ட்டைத் திறக்கச் சொன்னான்.

"பர்மிஷன் இல்லைங்குது." அங்கிருந்தே குரல் வந்தது. பிறகு, கொஞ்சம் தணிந்து: "என்னையுமா மச்சான் நம்பல?"



எதையும் திறக்கிற ரூட் பாஸ்வேர்டு மட்டும் இன்னும் அவனிடம் இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்தான்.

"ரூட் பாஸ்வேர்டையும் மாத்திருங்க மேடம். எனக்கும் தெரிய வேணாம்."

டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை. அவர் அடித்து முடிக்கும்வரை பிராங்க்ளின் சுவரைப் பார்த்து நின்றான்.

விசைகளின் சத்தம் நின்றது. டாக்டர் தாள்களில் ஒன்றை மட்டும் தனியே உருவினார்.

"கதவைச் சாத்திட்டு உக்காருங்க."

சாத்தினான். தாழும் போட்டான்.

அதன் பிறகுதான் சட்டைக் கையை மடித்தான். காலையில் ரத்தம் எடுத்த இடத்தில் டாக்டர் ஒட்டிவிட்ட பஞ்சு, முழங்கை மடிப்பில் வியர்வையில் ஊறிக் கிடந்தது.