பறிப்பவர் பெயர்

ஆடி மாதத்துச் சாயங்கால வெயில் கொல்லைக் கதவு வழியாக லேப்டாப் திரையில் விழுகிறது. வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஓடும் சத்தம். செந்தில்குமார் தோட்டத்துக்கான செயலியில் விதைப்பையும் அறுவடையையும் குறிக்கிறான். ஒரு மாதத்துக்குள் கீரை, மார்கழியில் அவரை, பொங்கலுக்குப் பரங்கி. ‘பறிப்பவர்’ என்ற கட்டங்கள் எல்லாவற்றிலும் மனைவி ஜெயபாரதியின் பெயரையே இடுகிறான். முடி கொட்டிய தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய கை கன்றிப்போயிருக்கிறது. அந்தக் கையால் விதைப் பொட்டலங்களை ஒதுக்கிவிட்டுத் திரையைப் பார்க்கிறாள். “அவரைக்கும் பரங்கிக்கும் நம்ம பொண்ணு பேரப் போடுங்க.” அவன் விரல் நின்றுவிடுகிறது. “சும்மா இரு, பாரதி.” அவள் பரங்கி விதை ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறாள். “கீரைக்கு மட்டும் என் பேரு இருக்கட்டுங்க.”