தேய்க்காமல் அடித்த பெயின்ட்

“எட்டே மாசம்! பாம்புச் சட்டை மாதிரி உரியுது பாரு. இவனெல்லாம் ஒரு பெயின்டரா?”

வீட்டுக்கார சார் கதவு நிலையில் நகத்தை வைத்து ஒரு இழு இழுத்தார். வெள்ளை பெயின்ட் ஒரு முழ நீளத்துக்குக் கையோடு வந்தது. அடியில் பழைய எனாமல் வழவழவென்று அப்படியே இருந்தது.

புதிய பெயின்டர் தன் வேலையில் இருந்தார். ‘நிலையைச் சரி பண்ணணுமாமே சார்’ என்று காலையில் தானாக வந்து கேட்ட ஆள். சோபாவைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடிக்கொண்டிருந்தார்.

பழைய பெயின்டரைச் சார் சும்மா விட்டிருக்கவில்லை. அவர் போட்டோவைக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, ‘இந்த ஃபிராடை உள்ளே விடாதீர்கள்’ என்று எழுதினார். மொத்தம் அறுபது வீடு. அன்றிலிருந்து வாட்ச்மேன் அந்த மனுஷனை வாசல் கேட்டோடு திருப்பி அனுப்புகிறார். அடுத்த வீட்டில் பாதியில் நின்ற ஜன்னல் வேலையும் போயிற்று. சாருக்கோ உலகத்தையே திருத்திவிட்ட நினைப்பு.

“உரிஞ்சதைச் சுரண்டிட்டு, உப்புத்தாள் போட்டு நல்லாத் தேய்க்கணும் சார். தேய்க்கலாமா?”

“இதைக்கூடக் கேட்டுத்தான் செய்வியா? வழவழன்னு இருக்கிறதைத் தேய்க்காம மேல அடிச்சா எப்படிப்பா பிடிக்கும்? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!”

“தெரியணும் சார்.”

பெயின்டர் சுரண்டினார், தேய்த்தார். சார் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒரு நாளும் பிரஷ்ஷைப் பிடிக்காத கையை ஆட்டி ஆட்டிப் பெயின்டருக்கே பாடம் எடுத்தார். மதியம் வரை வாய் ஓயவில்லை.

திடீரென்று செல்போனை எடுத்தார்.

“குரூப்ல ரெண்டு பேர் இன்னும் அவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றாங்க. நீ தொழில் தெரிஞ்சவன், நீ சொன்னா எடுபடும். பெயின்ட் ஏன் உரிஞ்சுதுன்னு இதுல பேசு.”

மைக் பொத்தானை அழுத்திப் பிடித்து நீட்டினார். பெயின்டர் கையைத் துடைத்துக்கொண்டார்.

“தேய்க்காம அடிச்சாரு சார், அதான் உரியுது.”

“அப்படிப் போடு!”

“தேய்க்க ஆரம்பிச்சவரை, ‘புது சோபா வந்திருக்கு, தூசி பறக்கக் கூடாது, அப்படியே ரெண்டு கோட்டு இழுத்துட்டுக் கிளம்பு’ன்னு விரட்டினது நீங்கதானே சார்?”

சாருக்கு முகம் வெளுத்தது. “உ... உனக்கு யாரு சொன்னது?”

“அவரேதான். என்னை அனுப்பினதே அவர்தான் சார். அவரைத்தான் உள்ள விடமாட்டாங்களே! ‘அந்த சார் மேலதான் எனக்குக் கோவம், நிலை என்ன பண்ணுச்சு? நான் அரைகுறையா விட்டதை நீ போய் ஒழுங்காத் தேச்சுக் குடுத்துட்டு வா’ன்னாரு.”

சார் பதறிப்போய்ப் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். எடுத்த அந்த நொடியில் அத்தனை பேச்சும் அறுபது வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.