வாடகை வளை

அணிலுக்குத் தலை உள்ளே போய்விட்டது, இடுப்பு மாட்டிக்கொண்டது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு வரி குறைவு என்று கேள்விப்பட்டு, எலி வளையில் குடியிருப்பதாகப் புளுகியிருந்தது. வரி வாங்க வந்த குரங்கு, “உன் வீடுதானே, உள்ளே போ பார்ப்போம்” என்றுவிட்டது.

“நேத்துவரைக்கும் போனேன் சார், இப்போ கொஞ்சம் குண்டாயிட்டேன்.”

“யோவ், என் வாசலை உடைக்காதய்யா!” என்று எலி உள்ளிருந்து கத்தியது.

குரங்கு அணிலின் வாலைப் பிடித்து வெளியே இழுத்தது. அணில் மழைக்காலத்துக்கு வைத்திருந்த கொட்டையில் பாதியை வரியாக அள்ளிக்கொண்டது. அணிலின் குட்டிகள் பார்த்துக்கொண்டிருந்தன. இதைவிட வளைக்குள்ளேயே மாட்டிக் கிடந்திருக்கலாம் என்றிருந்தது அணிலுக்கு.

“மண்ணில் புதைக்கிற கொட்டைக்கு வரியே கிடையாது, மாசாமாசம் கொஞ்சம் புதைச்சு வையப்பா” என்று இதே குரங்குதான் ஆடியிலேயே சொல்லியிருந்தது. அணில் ஒன்றைக்கூடப் புதைக்கவில்லை.