முந்திக்கொள்கிறவள்

"இன்னிக்கும் அவதான் முந்திக்கிட்டா" என்றாள் தொமாசா, கம்பளிக்குள் இருந்தபடியே.

சுவருக்கு அந்தப் பக்கம் இரும்புத் தகடு கிரீச்சிட்டது. சேவல்கூட இன்னும் கூவவில்லை.

"யாரு?" என்றான் எலீசியோ தூக்கக் கலக்கத்தில்.

"உங்க அண்ணன் பொண்டாட்டிதான். வேற யாரு இந்நேரத்துக்கு அடுப்பு மூட்டுவா?"

"மூட்டட்டுமே. அவங்க அடுப்பு, அவங்க விறகு."

"புகைபோக்கியும் அவங்களோடது மட்டுமா?"

அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இரண்டு விறகடுப்புகளின் புகையும் அந்தச் சுவருக்குள் புகுந்து ஒரே புகைபோக்கி வழியாகக் கூரைக்கு மேலே போயிற்று.

மூன்று மாதத்துக்கு முன்பு, தொமாசாவுக்கு மகள் பிறந்த வாரத்தில், மேஸ்திரி வந்து இதைக் கட்டிக் கொடுத்தார். அதுவரை இரண்டு வீட்டிலும் மூன்று கல் அடுப்புதான். தொமாசா அப்போது படுக்கையில் கிடந்தாள். மேஸ்திரி சொன்னதைக் கேட்டுக்கொண்டவள் ஓரகத்தி மகாரியா. அவள் வந்து தொமாசாவிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "உன் அடுப்பு எரியாதப்ப உன் பக்கத்துப் புகை வழியில இருக்கிற இரும்புத் தகட்டைத் தள்ளி மூடிடு. இல்லேன்னா என் புகை உன் வீட்டுக்குள்ள வந்திடும்."

"ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த புகைபோக்கி" என்று தொமாசா மறுபடி ஆரம்பித்தாள். "காலையில பசியோட இருக்கும். முதல்ல வர்ற புகையை முழுசா இழுத்துக்கும். அப்புறம் வர்றவளுக்கு மிச்சம் மீதிதான்."

"இதை யார் சொன்னது?"

"யாராவது சொல்லணுமா? பஸ்ல முதல்ல ஏறினவனுக்குத்தானே சீட்டு."

"நம்ம அடுப்புலதான் புகையே வர்றதில்லையே."

"வந்தா தாங்குமா உங்க பொண்ணு?"

மகள் லுசீலாவுக்குப் பிறந்ததிலிருந்தே நெஞ்சு பலவீனம். போன மாதம் ஒரு தடவை மூச்சுத் திணறி உதடு நீலம் பாரித்துவிட்டது. புகை ஆகவே ஆகாது, இன்னொரு தடவை இப்படி வந்தால் மலையிறங்கித் தூக்கி வருகிற வரைக்கும் தாங்காது என்று கீழே ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தாள்.

"தினமும் மூட்டி அரை மணி கழிச்சுத்தான் சமையலே ஆரம்பிக்கிறா. ரொட்டி தட்டுற சத்தம் கேக்குதா? சோளம்கூட இன்னும் அரைக்கல. சும்மா எரிக்கிறா. எதுக்கு? சந்தை பஸ்ல கூடையை வச்சு இடம் பிடிப்பாங்களே, அதுதான்."

"நீயும் தூங்க மாட்ட, என்னையும் தூங்க விட மாட்ட" என்று அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று துணி துவைக்கிற தொட்டியருகே மகாரியா வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. குழந்தையைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள். நீட்டிய கையோடு இருமினாள்.

தொமாசா சால்வையில் கட்டியிருந்த குழந்தையை முதுகுப் பக்கம் தள்ளி முடிச்சை இறுக்கினாள். "இருமலோட பிள்ளையத் தூக்க வேணாம்க்கா."

மகாரியா கையை இறக்கிக்கொண்டாள். "சரிதான். ராத்திரி நல்லாத் தூங்கினாளா?"

"தூங்கினா. காலையில உங்க தகடு கத்துற வரைக்கும்."

"எண்ணெய் போடச் சொல்றேன்" என்றாள் மகாரியா.

மறுநாள் தொமாசா விடுவதாக இல்லை. தூக்கமும் வரவில்லை. சந்தைக்குப் போன எலீசியோ இன்னும் திரும்பவில்லை. அந்தப் பக்கம் கட்டில் அசைகிற சத்தம் கேட்பதற்கு முன்பே எழுந்துவிட்டாள். தகட்டை இழுத்துத் திறந்தாள். பைன் சுள்ளியில் நெருப்பு வைத்து, மேலே இரண்டு ஓக் கட்டைகளைச் செருகினாள். அடுப்பு பற்றிக்கொண்டது.

புகை சுவருக்குள் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது.

அடுப்பு வாயிலிருந்து வந்தது. மேலே பதித்த இரும்புப் பலகையின் ஓரமெல்லாம் கசிந்தது. ஊதினாள், இன்னும் அதிகமாக வந்தது. கட்டையை வெளியே இழுத்தாள், அறையே வெளுத்துப் போயிற்று. மூலையில் தொட்டிலில் லுசீலா இருமினாள். இரண்டு தடவை இருமினாள். பிறகு இருமல் நின்றுவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

தொமாசா கண் தெரியாமல் தொட்டிலைத் தேடித் தடவினாள். அதற்குள் கதவு அடித்துத் திறந்தது. மகாரியா வெறுங்காலோடு உள்ளே வந்தாள், குழந்தையைத் தன் சால்வைக்குள் வாரி எடுத்தாள், முற்றத்துக்கு ஓடினாள்.

முற்றத்துக் குளிரில் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு லுசீலா வீறிட்டு அழுதாள்.

"அழட்டும், நல்லா அழட்டும்" என்றாள் மகாரியா.

தொமாசாவின் பயம் கோபமாக வெளியே வந்தது. "நீங்களும் மூட்டினீங்களா? உங்க புகைதானே இது?"

"என் அடுப்பு இன்னும் பத்தவே இல்ல."

தொமாசா எட்டிப் பார்த்தாள். மகாரியாவின் சமையலறை இருட்டாகக் கிடந்தது.

"யாருடி உன்னை முதல்ல மூட்டச் சொன்னது?" என்றாள் மகாரியா. "ஆறிக் கிடக்கிற புகைபோக்கி எதையும் இழுக்காது. சூடாகுற வரைக்கும் முதல்ல மூட்டுறவ வீட்டுக்குள்ளதான் திருப்பித் தள்ளும். ரெண்டு வீட்டுல ஒருத்தி அந்தப் புகையைத் தின்னுதான் ஆகணும்னு மேஸ்திரி அன்னைக்கே சொல்லிட்டுப் போனார்."

தொமாசா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நான் மட்டும் புகை தின்ன நீ விட்டுடுவியா? நாளைக்கு நான் முதல்ல மூட்டுறேன்னு வந்து நிப்ப. உன் மனசு எனக்குத் தெரியாதா."