கானுக்குள் ஓர் ஆள்

கடல் கடந்து குடிவந்த கிங்ஸ்பரி வீட்டின் பின்வளவில், தொண்ணூற்றொன்றின் ஒக்டோபர் வெயில் ஈரப் புல்லில் விழுகிறது. சோற்றுப் பானையின் மூடியைத் துணியோடு அழுத்திப் பிடித்தபடி, கொதிகஞ்சியைக் கழிவுநீர் ஓடும் கானில் வடிக்கப் பாலாம்பிகை வருகிறாள். எட்டு வயது மகள் துளசி குறுக்கே நிற்கிறாள். கையில் லைப்ரரிப் புத்தகம். விரித்த பக்கத்தில் ஒரு தேரையின் படம். “ஊத்தாதேங்கோ அம்மா. இந்த ஆள் கானுக்குள்ள இருக்கிறார்.” பாலாம்பிகை குனிகிறாள். பழுத்த இலைகளுக்கடியில் ஒரு மண்கட்டி மூச்சு விடுகிறது. அதில் இரண்டு பொன்நிறக் கண்கள் திறக்கின்றன. ஐந்து வருடமாக அவள் இங்கேதான் கஞ்சி வடிக்கிறாள். பானைக்குள் சோறு குழைகிறது. அவள் நிமிரவில்லை. “பிள்ளை, இவர் என்ன சாப்பிடுவாராம்? வாசிச்சுச் சொல்லு.”