தவணைக் கிணறு

“விஜயதசமி கழியட்டும், நாயகி. அதுக்குப் பிறகுதான் எனக்குச் சோறும் நித்திரையும். கோயிலடியிலை சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவன்.”

சோமசேகரத்தார் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் சொன்னது சத்தியம். இங்கே சொல்லப்போவதும் சத்தியம்; ஒரு சொல் கூடவோ குறையவோ கிடையாது. நம்பாதவர்கள் சுன்னாகத்துக்கு வடக்கே போய் அந்தக் கிணற்றை எட்டிப் பார்க்கலாம்.

முப்பத்தாறாம் ஆண்டு, புகையிலைத் தோட்டத்துக்குப் புதுக் கிணறு வெட்டுவதென்று அவர் தீர்மானித்தார். விஜயதசமிக்குள் தண்ணீர் காண வேண்டும்; அதுதான் தவணை. பிந்தினால் மாரி தொடங்கிவிடும். வேலையைக் கொந்தராத்துக்கு விட மூன்று பேரை வீட்டுக்கு அழைத்தார். மனைவி அருமைநாயகி கதவுக்குப் பின்னால் நின்று மூவர் பேச்சையும் கேட்டாள்.

முதலில் வந்தவர் வல்லிபுரம். அவர் மண்வெட்டியை ஓங்கினாலே தண்ணீர் தானாக மேலே வந்து எட்டிப் பார்க்கும் என்று சந்தையில் பேச்சு. வெறும் பேச்சல்ல, பார்த்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். தவணை தவறினால் மீசையை வழித்துக்கொள்வதாக அவர் சொன்னார். மீசை தனக்கு எதற்கு என்று சோமசேகரத்தார் அனுப்பிவிட்டார்.

அடுத்தவர் ஜெபநேசன், வெடி வைத்துக் கல் உடைப்பதில் கெட்டிக்காரர். அவருடைய வெடிக்குப் பறந்த கல்லொன்று மூன்று ஊர் தாண்டி ஒரு வீட்டுக் குசினியில் அம்மியாகவே போய் இறங்கியது. தவறினால் கூலி வேண்டாம் என்றார் அவர். அவரும் சரிவரவில்லை.

கடைசியாக வந்தவர் தில்லையம்பலம். மகளின் கலியாணத்துக்கென்று அவர் போடத் தொடங்கிய பந்தலில் பேரப்பிள்ளைக்குத்தான் காது குத்தினார்கள். தவறினால் கிழக்கு வேலிக்கு அப்பாலுள்ள தன் பனங்காணியை எழுதித் தருவதாகச் சொல்லிச் சிரித்தார். சோமசேகரத்தார் சிரிக்கவில்லை. அன்றைக்கே அவரை நொத்தாரிசிடம் கூட்டிப்போய், அந்தச் சொல்லை உறுதிப் பத்திரமாக முடித்துக்கொண்டு வந்தார்.

“போயும் போயும் உவரையோ பிடிச்சனீங்கள்?” என்றாள் அருமைநாயகி. “உவர் வெட்டி முடிக்க எங்கடை பிள்ளையளுக்கு நரைச்சுப்போம்.”

“ஈடு வைக்கிறவனுக்குத்தான் பொறுப்பிருக்கும். மீசையாலை தண்ணி இறைக்கேலுமோ?”



வேலை தொடங்கியது. சோமசேகரத்தார் வேலையாட்களைத் தாங்கிய தாங்கலை அயலே வியந்தது. வெயிலில் வெட்ட வேண்டாம் என்றார். மத்தியானம் பாயாசத்தோடு சோறு போட்டு, மாமரத்தடியில் பாயும் விரித்துக் கொடுத்தார். ஆனால் அவருக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. விடிந்தால் கிடங்கை எட்டிப் பார்ப்பார், வீட்டுக்கு வருவார், மறுபடி போவார். தில்லையம்பலத்தின் ஆட்கள் ஒருநாள் ஒரு பெரிய கல்லைப் புரட்டி எடுத்தார்கள். அன்றைக்கு அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

கிணற்றை நினைத்து மனுசன் உருகிப்போகிறார் என்று அருமைநாயகிக்கு நெஞ்சு பதைத்தது. அவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, பின்வேலியால் போய் வல்லிபுரத்தைக் கண்டாள். வல்லிபுரம் தன் ஆட்களோடு வந்து இறங்கி, சோமசேகரத்தார் திரும்ப முன்னமே வெட்டிவிட்டுப் போனார். தில்லையம்பலம் மறுப்பே சொல்லவில்லை. தன் வேலையை வேறொருவர் செய்வதில் அவருக்கு ஒருகாலமும் மனத்தாங்கல் இருந்ததில்லை.

சந்தையால் வந்த சோமசேகரத்தார் ஒரே நாளில் ஆழமாகியிருந்த கிடங்கைப் பார்த்தார். முகம் கறுத்தது. அன்றிலிருந்து அவருக்குக் கஞ்சிதான் இறங்கியது.

இதுவும் காணாது என்று அருமைநாயகி விளங்கிக்கொண்டாள். தன் அட்டியலை ஈடு வைத்து, அடுத்த சந்தை நாளுக்கு ஜெபநேசனையும் பிடித்தாள். அவர் வைத்த வெடிக்கு ஊர்க் கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முட்டையிட்டன. சேவல்கள் தப்பியது அருந்தப்பு. அன்று மாலை சந்தையால் திரும்பிய சோமசேகரத்தார் கிணற்றடியில் நின்றபடி, “தில்லையம்பலம், அவசரப்படாதையும். ஆறுதலாய்ச் செய்யும்” என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். கஞ்சியும் நின்றது.

எவ்வளவு நல்ல மனம் என்று அருமைநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விஜயதசமியன்று மத்தியானம் தண்ணீர் கண்டது. கற்கண்டுத் தண்ணீர். ஊரே குடித்தது. தில்லையம்பலம் தானே வெட்டியதுபோல இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். முதற்செம்பை வாங்கிய சோமசேகரத்தார் ஒரு வாய் எடுத்தார். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

மறுநாள் காலையிலும் அவர் சாப்பிடாததைக் கண்டு அருமைநாயகி பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டாள்.

“இஞ்சாருங்கோ, உண்மையைச் சொல்லுறன். நீங்கள் பட்ட பாட்டைப் பாக்கேலாமல் வல்லிபுரத்தாரையும் ஜெபநேசனையும் நான்தான் கூப்பிட்டனான். அட்டியல் போனால் போகுது. தண்ணி கண்டிட்டுதெல்லோ, இனியெண்டாலும் ஒரு வாய் சாப்பிடுங்கோ.”

சோமசேகரத்தார் அவளையே பார்த்தார்.

படலை திறந்தது. தோளில் இரும்புச் சங்கிலியும் கையில் கோலுமாக ஒருவர் உள்ளே வந்தார். யாரென்று அருமைநாயகி கேட்டாள்.

“காணி அளக்க வந்தனான், அம்மா. தில்லையம்பலத்தின்ரை பனங்காணிக்கு ஐயாவின்ரை பேரிலை எல்லைக்கல் போடவேணுமாம். விஜயதசமிக்கு மறுநாள் வரச் சொன்னவர். கிணறு வெட்ட ஆள் தேடத் தொடங்க முன்னமே எனக்கு அச்சாரமும் தந்திட்டார்.”