முழுக்குக்கு முன்

தையற்கார அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

இருபது நிமிடமாக அவளுடைய முதுகுவலியும் அது போன கதையும்தான். மற்ற நாளாக இருந்தால் எனக்குப் பொறுமை போயிருக்கும். இன்றைக்கு, இன்னும் இழு தாயே, மத்தியானம் வரைக்கும் இழு என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு அடுத்தது நான்.

எங்கள் சபையில் அதுதான் முறை. ஞானஸ்நானம் எடுக்கிறவர்கள், தாங்கள் எப்படி மாறினோம் என்று தொட்டிப் படியில் நின்று எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தண்ணீர்.

வெள்ளை அங்கி கணுக்காலில் இடித்தது. தண்ணீரில் மேலே எழும்பாமலிருக்க அதன் ஓரத்தில் இரும்பு நட்டுகளை வைத்துத் தைத்திருக்கிறார்கள். நட்டுகளைக் கொடுத்தது என் வீட்டுக்காரர். எலக்ட்ரீஷியன். சபையில் மைக், ஸ்பீக்கர், ஃபேன் எல்லாம் அவர் பொறுப்பு. எல்லோருக்கும் அவர் 'கரண்ட் அண்ணன்'.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் வருவதைக் கண்டால் தெருவே கதவைச் சாத்தும். குடித்தால் அடிப்பார். குடிக்காத நாள் கிடையாது.

இப்போது அவர் சாட்சி சொல்ல எழுந்தால் கூட்டம் அழுகிறது. அவர் சொல்வது எனக்கு மனப்பாடம்: 'பட்டப்பகலில் குடித்துவிட்டுச் சமையலறையில் குப்புறக் கிடந்தேன். பாதிக் கண்ணைத் திறந்து பார்த்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரி முழங்காலில் நின்று, கைகூப்பி, கடவுளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கே விட்டேன்.'

அவ்வளவுதான் சொல்வார். மிச்சத்தைக் கூட்டம் தானே நிரப்பிக்கொள்ளும்.

கூட்டம் முடிந்ததும் பெண்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். உங்களை மாதிரி புருஷனுக்காக ஜெபிக்க எங்களுக்கும் பொறுமை வேண்டும் அக்கா என்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

முழங்காலில் நின்றது நிஜம். அவர் எடுத்த வாந்தியைத் துடைக்கத்தான் குனிந்தேன். அன்றைக்கு முதன்முதலாக மகளையும் அடித்திருந்தார். எட்டு வயதுப் பிள்ளைக்கு உதடு கிழிந்திருந்தது. துணியை அப்படியே போட்டேன். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத கடவுளைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டேன்.

இந்த ஆளை எடுத்துக்கொள். இன்றைக்கே எடுத்துக்கொள்.

நல்லவேளை, அவர் பார்த்ததோடு சரி. காதில் எதுவும் விழவில்லை.

நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டு ஓட்டிவிட்டேன். ஆனால் கேட்டதைக் கொடுக்காமல், கேட்கவே தோன்றாததைக் கொடுத்தவரை எத்தனை நாள் வாசலிலேயே நிறுத்திவைப்பது? யாரும் இழுக்கவில்லை. நானாகப் போய்த்தான் போதகரிடம் பேர் கொடுத்தேன். சாட்சி என்று ஒன்று இருப்பது கொடுத்த பிறகுதான் உறைத்தது.

பொய்யைச் சொல்லிவிட்டு இறங்கினால் சும்மா நனைந்துவிட்டு வருவேன், வேறொன்றும் நடக்காது. உண்மையைச் சொன்னால்?

சாப்பாட்டில் உப்புக் கூடியதற்கே இரண்டு நாள் குடித்த மனுஷன். நாலு வருஷமாக அவர் பிடித்துக்கொண்டு நிற்பது அந்த ஒரு ஜெபத்தை. அது உங்கள் சாவுக்காகக் கேட்டது என்று நானே ஊரறியச் சொன்னால், சாயங்காலம் அவர் எங்கே போய் நிற்பார் என்று எனக்குத் தெரியும். அதற்கப்புறம் வீட்டில் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

இந்த வாரம் அவரிடம் தனியாகச் சொல்லிவிட மூன்று தடவை போனேன். ஒரு தடவை ஸ்டூல் மேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தார். கேட்டு விழுந்து தொலைக்கப்போகிறார் என்று டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். மற்ற இரண்டு தடவையும் அவர் தரையில்தான் நின்றார். எனக்குத்தான் வாய் வரவில்லை.

கைதட்டினார்கள். தையற்கார அக்கா முடித்துவிட்டாள், பாவி. இறங்கினாள், மூழ்கினாள், எழுந்தாள், போய்விட்டாள்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி போதகர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சிஸ்டரோட சாட்சி நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான். இருந்தாலும் அவங்க வாயாலயே கேட்டுருவோம்."

முன்வரிசையில் மகள் எனக்கான துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் பெருமை.

சரி, பொய்யையே சொல்லிவிடுவோம். ஆண்டவர் என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், இந்த மனுஷன் நன்றாக இருந்தால் போதும்.

இப்படி நினைப்பது நான்தானா என்று எனக்கே திகைப்பாக இருந்தது.

என் வீட்டுக்காரர் மைக்கை எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். தண்ணீர்ப் பக்கம் வயர் வரக்கூடாது என்று இதற்கென்றே வாங்கிய, வயர் இல்லாத மைக். ஆனால் கொடுக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு நீ என்ன கேட்டியோ அதையே சொல்லு," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அது என் காதுல விழுந்ததனாலதான் விட்டேன்."

பிறகு சுவிட்சைத் தள்ளி, மைக்கை என் கையில் வைத்தார்.